வெள்ளைத் தொட்டியில் ஒரு கருப்பு விரால்

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எது கருத்துப்போனாலும் பழி நிலக்கரியின் தலையில்தான் விழும். சட்டைக் காலர் கருத்தால் நிலக்கரி. கொடியில் காய்ந்த வேட்டியில் புள்ளி விழுந்தால் நிலக்கரி. ஜன்னல் கம்பியைத் துடைத்த துணி, மூக்கைச் சிந்திய கைக்குட்டை, கொல்லையில் நிற்கும் மாமரத்து இலை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். என் அப்பா கரூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, இன்னொரு பிளாக்கில் இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கருப்பைக் கண்டால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். ஏன் கருத்தது என்று கேட்கும் பழக்கமே கிடையாது. போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விரால் மீன்தான் அதைக் கேட்கவைத்தது.

என் வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்புப் பக்கம். மைன்ஸில் டோசர் ஆபரேட்டர். வெட்டிக் கொட்டிய மண்ணை அந்த வண்டியால் தள்ளித் தள்ளி மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்ய வேண்டும். வார லீவு வந்தால் போதும், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வெள்ளாற்றுக்குக் கிளம்பிவிடுவார். கலங்கல் தண்ணீரில் அவ்வளவு தூரத்தில் மிதக்கும் தக்கை ஒரு நூல் ஆடினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பேப்பரில் வரி விளம்பரத்தைக் கண்ணாடி போடாமல் படிப்பார். எனக்கோ அரிசியில் கல் பொறுக்கவே கண்ணாடி வேண்டும். கண் விஷயத்தில் அவரை அடிச்சுக்க ஆளில்லை என்று நானே பல இடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆற்று விராலைப் பிடித்த அன்றே குழம்பு வைக்க மாட்டோம். சேற்று வாடை தூக்கலாக இருக்கும். கொல்லைப்புறத் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் உயிரோடு போட்டுவைப்போம். துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே ஒரு பழைய கம்பிவலை, அதன்மேல் செங்கல். எங்கள் தொட்டிக்குள் அவர் வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார், பாசி பிடித்தால் தெரியட்டும் என்று. அந்த வெள்ளைதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் கருப்பும் பச்சையுமாக உள்ளே போன மீன் மறுநாள் வெளுத்திருக்கும். அதற்கும் மறுநாள் இன்னும் வெளுத்து, தொட்டியின் நிறத்தோடு நிறமாக நிற்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தால் தொட்டி காலியாகத் தெரியும். அப்புறம் தண்ணீருக்குள் கண்கள் மட்டும் ஜோடி ஜோடியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பு மீன் அறுக்க மட்டும்தான் உதவியது என்று அவர் கிண்டல் செய்வார். மீன் தரையைப் பார்த்துத்தான் தன் உடம்பு நிறத்தை மாற்றுகிறது என்று அதில் படித்திருக்கிறேன். படித்திருந்தும், வெளுத்த மீனைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆற்றில் எல்லா நிறமும் வரும். மணலோடும் தெளிந்த வாய்க்காலில் பிடித்தால் வைக்கோல் நிறம். தாமரை மண்டிய மடுவில் பிடித்தால் கரும்பச்சை. ஒரு தடவை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தது மாதிரி ஒரு விரால் கிடைத்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா அதற்குக் குங்குமம் வைக்காத குறை. "இத குழம்பு வச்சீங்கன்னா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லி, ஆட்டோ பிடித்துப் போய்க் குளத்தில் விட்டுவிட்டு வந்தார். அது வெள்ளைத் தொட்டியிலும் மஞ்சளாகவேதான் இருந்தது. சிலது பிறவியிலேயே அப்படி.

போன வருஷ மழைக்காலத்தில்தான் அவர் என்னிடம் அதைச் சொன்னார். ஷிப்ட் முடிந்து வந்து, காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்பல்லாம் அங்க ஆளுங்க திடீர் திடீர்னு வந்து நிக்கிறாங்க" என்றார்.

"என்ன ஆளுங்க?"

"தெர்ல. மண்ண தள்ளிகினு போறேன். சுத்திலும் யாரும் கெடையாது. சட்டுனு பாத்தா மண்ணு தள்ற பிளேடுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னுகினு இருக்கான். இந்தாண்ட திரும்பிட்டு மறுக்கா பாத்தா காணோம்."

"ஏதாச்சும் சொல்றாங்களா?"

"இஞ்சின் சத்தத்துல இன்னா கேக்கும்? கைய மட்டும் தூக்கறான். ஒரு நாள் ஒருத்தன், இன்னொரு நாள் வேற ஒருத்தன்."

எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அதை மறைக்க வழக்கம்போல வாயைத்தான் திறந்தேன். "ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?"

"போட்டுகினுதான் இருந்தான்."

"பேய்க்கு எதுக்குங்க ஹெல்மெட்?"

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் சொன்னார், "நாம தோண்டற எடத்துலல்லாம் ஊரு இருந்துது. ஊருன்னா சுடுகாடும்தான். அல்லாத்தையும் வாரிக் கொட்டிகினு இருக்கோம்." பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார். போகும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். "கவனம் எங்க இருக்கு உங்களுக்கு?" என்று நான் கத்தினேன்.

கத்துவது எனக்குக் கைவந்த கலை. அந்த நாட்களில் அதற்கு வேலையும் நிறைய இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். மெயின் பஜாரில் பைக்கை ஒரு தள்ளுவண்டியில் உரசிவிட்டு, "இவன் எங்கேர்ந்து வந்தான்?" என்று அவனிடமே சண்டைக்குப் போனார். கண்ணைக் கசக்கினால் நிலக்கரித் தூசி என்றார். நானும் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆள் தோன்றும் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே மந்திரித்த கருப்புக் கயிறு வந்துவிட்டது. அவர் மறுபேச்சு இல்லாமல் கட்டிக்கொண்டார். அதற்கு முன்னால் கயிறு, தாயத்து என்றாலே எகிறுகிற மனிதர் அவர். கையை நீட்டிக்கொண்டு அவர் நின்ற அந்த நிமிஷம்தான் நான் முதல்முறையாக நிஜமாகவே பயந்தேன்.

அப்போதுதான் கருப்பு விரால் வந்தது. வெள்ளாற்றில் புது வெள்ளம் வடிந்த பிறகு கிடைத்த விரால்களில் அதுவும் ஒன்று. பிடித்த அன்று எல்லாமே ஒரே நிறம்தான், கலங்கல் தண்ணீரின் நிறம். தொட்டியில் விட்டோம். மறுநாள் காலை மற்றவை வெளுத்திருந்தன. இது மட்டும் அப்படியே இருந்தது. அதற்கும் மறுநாள் மற்றவை வழக்கம்போலக் கண்ணுக்கே தெரியாமல் போயின. இது இன்னும் கருத்து, அடுப்புக்கரி மாதிரி, அந்த வெள்ளைக்கு நடுவில் தன்னந்தனியாக நின்றது. அதன் வரிகள்கூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா போட்டோ எடுத்து பிளாக் வாட்ஸப் குரூப்பில் போட்டார். வேறென்ன பதில் வரும்? நிலக்கரித் தண்ணி குடித்த மீன், சாப்பிடாதீர்கள் என்று ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். வெள்ளாற்று வெள்ளத்தில் பிடித்த மீன் நிலக்கரித் தண்ணீரை எங்கே போய்க் குடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. இவர், "அந்த மஞ்ச மீனு மாரி இதுவும் பொறவியிலயே கருப்பு, வுடு" என்றார். மற்ற மீன்களை ஒவ்வொன்றாகக் குழம்பு வைத்தோம். இதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. தொட்டி அதற்கே சொந்தமானது.

துணி துவைக்கும் கல் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. துவைக்கும் நேரமெல்லாம் நான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அது தொட்டியின் நடுவுக்கு வரவே வராது. உடம்பின் ஒரு பக்கத்தைச் சுவரில் உரசிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். மூலை வந்தால் மூக்கால் இடிக்கும், திரும்பும், மறுபடி உரசும். கண் இரண்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. ஒரு நாள் மத்தியானம் ஒரு சட்டையை உதறினேன். நிழல் தொட்டியின் குறுக்கே விழுந்தது. மற்ற மீன்களாக இருந்தால் கம்பிவலையில் தலை மோதும் அளவுக்குத் துள்ளியிருக்கும். இது அசையவில்லை.

வலையை எடுத்துவிட்டு, தண்ணீர் படாமல், அதன் கண்ணுக்கு மேலே என் கையை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். அது என்னைப் பார்த்தபடியே இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சுண்டுவிரல் நுனி தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், மீன் அம்பாகப் பாய்ந்து எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டது. நான் ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நிலக்கரியும் இல்லை, பிறவியும் இல்லை. தரையைப் பார்த்துத்தான் மீன் நிறம் மாறும் என்று படித்தவளுக்கு அதன் மறுபாதி அன்றைக்குத்தான் உறைத்தது. இதற்குத் தரை தெரியவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், யார் பார்த்தாலும் தெரிகிற கருப்பில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு மீனுக்காக அழுகிற ஆள் இல்லை நான், ஆனாலும் கண் கலங்கியது. பிறகு அது மறுபடியும் சுவரை உரசிக்கொண்டு வந்தது. மூலையில் இடித்தது. அந்த இடியைப் பார்த்ததும் அவர் இடித்துக்கொண்ட கதவு நிலையும் தோளும் ஞாபகத்துக்கு வந்தன. தட்டிவிட்ட டம்ளர். எங்கிருந்தோ வந்த தள்ளுவண்டி. ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது இடது கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே அவர் நடப்பது.

அன்றைக்கு அவருக்கு முதல் ஷிப்ட். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மீனைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். என் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றி, சத்தம் வராமல் மறு கையால் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய இடது பக்கமாக நடந்தேன். நல்ல வெளிச்சம் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. காதோரமாகக் கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை முன்னால், இன்னும் முன்னால் கொண்டுபோனேன். என் விரல்கள் அவருடைய கன்னத்துக்கு நேராக வந்துவிட்டன. என் புருஷன் முகத்துக்குப் பக்கத்தில் நான் கையாட்டிக்கொண்டு நிற்கிறேன், அவருக்கு அங்கே யாருமே இல்லை. நான் செத்துப்போய் வந்து நிற்பது மாதிரி இருந்தது எனக்கு.

பிடி நழுவி வளையல் சலசலத்தது. அவர் அலறிக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார்.

"எங்கேர்ந்து வந்த நீ?"

"இங்கதாங்க நின்னுட்டிருந்தேன். ரொம்ப நேரமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனிடம் செய்து பார்த்ததையும், அவரிடம் செய்து பார்த்ததையும் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்குக் கோபம். "மீனுகிட்ட பாத்த வேலய எங்கிட்ட பாக்கறியா? எனக்கு இன்னா, பேப்பர் படிக்கத் தெர்லயா, தக்கை தெர்லயா?" என்று எகிறினார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா டோசர்லேர்ந்து எறக்கிடுவாங்க."

"எறக்கட்டும். நாளைக்கு நீங்க அந்த வண்டியில ஏறினீங்கன்னா நானே மைன்ஸ் கேட்டுல வந்து படுத்துக்குவேன்." அதை நான் நிஜமாகவே செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருட்டு அறையில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். அங்கங்கே ஒளிப்புள்ளி வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றேன். பட்டன் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. முடிந்ததும் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம். சுற்றிலும் கருப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, வலிக்காது, வெளியே தெரியாது, நேர்ப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும் என்றார். போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றச் சாகும்வரை சொட்டு மருந்து விட வேண்டும். இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெலக்கரி மாரி இருக்குது" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரே போய் ஆபீசில் சொன்னார். இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்த வேலை. பைக்கை விற்றாகிவிட்டது. நான் ஸ்கூட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, "பாத்துப் போ, பாத்துப் போ" என்று என் உயிரை எடுக்கிறார். வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பக்கத்தில் வருவதற்கு முன்னால் நான் "வர்றேன்" என்று சொல்ல வேண்டும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குக்கூட வர்றேன் வர்றேன் என்று சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்கா நான் ஊருக்குக் கிளம்புகிறேனோ என்று எட்டிப் பார்த்தார்.

பொங்கல் கழிந்த ஒரு லீவு நாளில், "அத கொண்டுபோய் வுட்டுடலாம்" என்றார். குடத்தில் மீனைப் போட்டு, குடத்து வாயில் துணி கட்டி, ஸ்கூட்டியில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளாற்றுக்குப் போனோம். கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அவர் குத்த வைத்து உட்கார்ந்து குடத்துத் துணியை அவிழ்த்தார். உள்ளே கையை விடுவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, தண்ணீரை விரலால் லேசாகத் தட்டினார். "தொடறேன்" என்று மீனிடம் சொன்னார். பிறகு எடுத்து விட்டார். ஒரு விநாடி அவர் கைக்குப் பக்கத்திலேயே நின்றது. அடுத்த விநாடி எது மீன், எது தண்ணீர் என்று தெரியவில்லை. அந்த ஆற்றில் அதன் கருப்பு சரியான நிறமாகத்தான் இருந்தது.

அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு நான் அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து கேண்டீன்ல ஒரு கான்ட்ராக்ட் பையன் வந்து பேசினான்" என்றார். "'அண்ணே, அன்னிக்கி எவ்ளோ கையாட்டினேன், பாக்காமயே வந்துட்டீங்க, பள்ளத்துல குதிச்சுதான் தப்பிச்சேன்'னு சொல்றான். சிரிச்சுகினே சொல்றான்."

நான் காலிக் குடத்தை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"அவன் ஒருத்தந்தான் வந்து சொன்னான். மத்தவங்க யாருன்னு தெர்ல. நான் பாத்தது கொஞ்சம் பேரு. பாக்காதது எத்தினி பேரோ."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்களே."

"ஆவல" என்றார். மீன் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் அந்தக் கருப்புக் கயிறு இன்னும் இருந்தது, ஈரத்தில் ஊறிப்போய். எனக்கா ஆற்றுக்கா என்று தெரியாமல் சொன்னார்.

"பேயாவே இருந்திருக்கலாம்."